கெரிகெரியில் இருந்து ஃபாகட்டானே, ஒரு மணி நேரம்

மகள் அழைத்தபோது நான் கணவாய் மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. கை முழுக்கக் கறுப்பு மை. முழங்கையால் ஃபோனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டதும் அவளுடைய குரலுக்கு முன்னால் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. எங்கேயோ வெட்டவெளியில் நிற்கிறாள் என்று விளங்கியது.

அவளுக்கு வடக்கே கெரிகெரியில் வேலை. ஒரு கிளினிக்கில் ஃபிசியோ. நாங்கள் ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிறோம். நான் யாழ்ப்பாணம், என் கணவர் மலேசியாவில் ஈப்போக்காரர். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமான தமிழ் பேச, அவள் இரண்டுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவள். இங்கே நான் எழுதுகிற அவளுடைய பேச்சில் முக்கால்வாசி ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடப் படித்த பெண் ஒருத்திக்கு ஃபாகட்டானேயில் நிச்சயதார்த்த விருந்து, அதற்குப் போகிறேன், நாளைக்குத் திரும்பிவிடுவேன் என்றாள். ஃபாகட்டானே எங்கேயோ தெற்கே இருக்கிற கடற்கரை ஊர் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். கெரிகெரியில் இருந்து காரில் போவதானால் ஒரு முழுப் பகல் வேண்டும். ஆக்லாந்தைத் தாண்டித்தான் போகவும் வேண்டும். அப்படியானால் வழியில் எங்கள் வீட்டில் நின்று சாப்பிடுவாள், கணவாய்க்கறி இருக்கிறது என்று என் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

“இல்லை அம்மா. பறந்து போறோம். ஃப்ரெண்டோட, சின்ன பிளேன்ல. இப்ப வெளிக்கிடப் போறோம்.”

எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. எந்த ஃப்ரெண்ட்? ஆணா, பெண்ணா? சின்ன பிளேன் என்றால் எவ்வளவு சின்னது? எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வெளிக்கிட்டுப் புறப்பட நிற்கிற ஆளை மறித்து எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பது எங்கள் வீட்டில் கிடையாது. போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டே ஆகவேண்டும் என்றால் ‘தூரமோ’ என்று கேட்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி உண்டு. சந்தைக்கோ கோயிலுக்கோ போகிறவருக்கு அது போதும். கடலுக்கு மேலால் பறக்கப் போகிறவளிடமும் என் வாய் அதைத்தான் கேட்டது.

“தூரமோ பிள்ளை?”

“நொட் ரியலி. நேரா போனா கிட்டத்தான்.”

“சரி, போயிட்டு வா. இறங்கின உடனே ஃபோன் எடு.”

“ஓகே அம்மா. பை.”

அவள் வைக்கும்போது பின்னால் ஏதோ என்ஜின் உறுமத் தொடங்கியது. பிறகு என் சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

நான் பயந்த பிறவி. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மோட்டர்வேயில் லொறிக்குப் பக்கத்தில் போகப் பயம். பிள்ளைகள் கடலில் இடுப்பளவுக்கு மேல் இறங்கினால் பயம். பெரிய விமானத்தில்கூட அது தரையைத் தொடும்வரை கைப்பிடியை விடமாட்டேன், பக்கத்தில் இருக்கிறவர் சாப்பாட்டை எப்படி ரசித்துச் சாப்பிடுகிறார் என்று எரிச்சலாக இருக்கும். சின்ன விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை பாப்பகுரா பக்கம் போனபோது வேலிக்கு அப்பால் வரிசையாக நிறுத்தியிருக்கக் கண்டேன். இறக்கைகளைக் கயிற்றால் நிலத்தோடு கட்டி வைத்திருந்தார்கள். காற்றடித்தால் புரண்டுவிடுமாம். நிற்கும்போதே கட்டிவைக்க வேண்டிய சாமானில் இப்போது என் பிள்ளை ஏறுகிறாள்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஃபோனை எடுத்தேன். அவளிடம் கேட்கக் கூடாததை ஃபோனிடம் கேட்கலாம்தானே. இரண்டு ஊர்களின் விமான நிலையங்களையும் போட்டு, எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தேடினேன். உடனே ஒரு பக்கம் வந்தது. வான்வழித் தூரம் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி நேரம். அதற்குக் கீழே ஒரு வரைபடம். கெரிகெரியில் இருந்து ஃபாகட்டானே வரைக்கும் அடிமட்டக் கோல் வைத்துக் கீறியதுபோல ஒரு நீலக் கோடு.

ஒரு மணி நேரம்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நியூ லின்னில் நான் வேலை செய்கிற கடைக்கு பஸ் மாறிப் போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆகிற நாட்கள் உண்டு. ஒரு மணி நேரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். கறியை அடுப்பில் ஏற்றி, சோறு போட்டு, அப்பளம் பொரித்து முடிய அவள் இறங்கிவிடுவாள். பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினேன்.

கறி வற்றியது. சோறு வெந்தது. அப்பளமும் பொரித்தாகிவிட்டது. ஃபோன் அடிக்கவில்லை.

முதலில் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன். இறங்கியிருப்பாள், பை எடுத்திருப்பாள், யாராவது வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், அந்தச் சந்தோஷத்தில் மறந்திருப்பாள். ஆனால் அவள் மறக்கிறவள் இல்லை. கெரிகெரிக்கு வேலைக்குப் போன நாளில் இருந்து எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி வரும். ஒரு கட்டைவிரல் படமாவது வரும். நான் அழைத்தேன். மணி அடிக்காமலே அவள் குரல் வந்து, இப்போது பேச முடியாது, தகவல் விடுங்கள் என்றது. எப்போதோ பதிவு செய்த சிரிப்புக் குரல். மறுபடி அழைத்தேன். மறுபடியும் அதே சிரிப்பு. செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

என் கணவர் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

“இஞ்சையப்பா, அவள் இன்னும் எடுக்கேல்லை.”

மெஷினை நிறுத்தாமலே “யாரு?” என்றார். நான் எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொல்லவேண்டி வந்தது. சொல்லி முடிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“சின்ன ஏரோப்பிளேனா? நல்லா இருக்குமே. மேலேருந்து எல்லாம் தெரியும்.”

“ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. அது எப்பவோ முடிஞ்சுது.”

“இறங்கியிருப்பாமா. கூட்டாளிங்களோட பசியாறிக்கிட்டு இருப்பா. நீ ஒண்ணும் பயப்படாதே.”

அவருடைய ஊரில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்பார்கள். உலகத்தில் எது நடந்தாலும் எல்லோரும் எங்கேயோ உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய நினைப்பு. கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து நீலக் கோட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சின்னதாக இருக்கும்போது அது இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு கோடு. பெரிதாக்கினால் அதற்குக் கீழே நிலமே இல்லை. ஃபாங்காரேயைத் தாண்டினால் கடல். நடுவில் கொரமண்டல் மலை கொஞ்சம். மலையைத் தாண்டினால் மறுபடியும் கடல். நம்முடைய சோழமண்டலக் கரையின் பெயர்தான் கப்பலேறி வந்து இந்த மலையில் ஒட்டிக்கொண்டது என்று விருந்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் கணவர் அளப்பார். நானும் இத்தனை வருடமாகத் தலையாட்டியிருக்கிறேன். அன்று அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது அதன் மேடு பள்ளமும் காடும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. என்ஜின் நின்றுவிட்டால் எங்கே இறங்குவார்கள்? கடலில் இறங்கினால் அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்குவாள்? நீந்துவாள். ஆனால் நீச்சல் குளத்தில் நீந்துவாள்.

யாருக்காவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. யாருக்குச் சொல்வது? ஃப்ரெண்டின் பெயர் தெரியாது. விமானம் யாருடையது, என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. விருந்து வைக்கிற பெண்ணின் வீடு தெரியாது. பொலிஸுக்கு எடுத்தால் எந்த விமானம், யார் ஓட்டுகிறார்கள், எந்த வழியால் போகிறார்கள் என்று கேட்பார்கள். கேட்டிருக்க வேண்டிய அத்தனையையும் நான் கேட்காமல் விட்டேன், காரியம் கெட்டுவிடக் கூடாது என்று. இப்போது ‘கிட்டத்தான் என்று சொன்னாள்’ என்பதைத் தவிர என் கையில் ஒன்றுமில்லை.

வெளியே எங்கள் பக்கம் வெயில். ஆனால் கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பு நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம், வீடுகளுக்கு மேலே, வானம் பழைய அலுமினியச் சட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. கொரமண்டல் அந்தப் பக்கம்தான்.

புல் வெட்டும் சத்தம் நின்றது. அவர் செருப்பைக் கழற்றாமல், காலில் புல்லோடு, உள்ளே வந்தார். அவருடைய ஃபோனும் கையில் இருந்தது. அவரும் அவளை அழைத்துப் பார்த்திருக்கிறார். எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. அவர் குளிர்ப்பெட்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, “கெடைக்கல” என்றார். பசியாறுகிறாள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பயப்படுவது என் வேலை, பயப்படாதே என்பது அவர் வேலை. அவரும் பயப்படத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

“வா, காடியை எடுக்கறேன்” என்றார். அவருக்குக் கார் எப்போதும் காடி.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த நிலையிலும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு ஏறி உட்கார்ந்தேன்.

த்ரீ கிங்ஸ் சிக்னலில் சிவப்பு. பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்து, “எந்தப் பக்கம்?” என்றார்.

எனக்கும் தெரியவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் வடக்கே போகலாம், அவள் கிளம்பிய இடத்துக்கு. மற்றப் பக்கம் திரும்பினால் தெற்கே, அவள் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு. இரண்டு இடத்திலும் அவள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறாள், அங்கே கார் போகாது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். என் கணவர் காரை ஷாப்பிங் சென்டரின் கார் பார்க்குக்குள் விட்டு, ட்ரொலிகள் அடுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“அந்தப் பக்கத்தைக் காட்டு” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் ஃபோனை வாங்கி, மேலே இருந்து கீழே வரைக்கும் விடாமல் வாசித்தார். நான் கோட்டையும் நேரத்தையும்தான் பார்த்திருந்தேன். அவர் அடியில் இருந்த சின்ன எழுத்துக்குப் போய்விட்டார்.

“இங்க பாருமா. இது பெரிய ஏரோப்பிளேனுக்குப் போட்ட கணக்கு. ஜெட்டுக்கு. அவ போறது சின்னது, அது மெதுவாத்தான் போகும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். காத்து எதுத்து அடிச்சா இன்னும் கூட ஆகும்.”

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஜெட் ஓடுவதே இல்லை. எந்த இரண்டு சின்ன ஊரின் பெயரைப் போட்டாலும் அந்தப் பக்கம் ஒரு கோட்டைக் கீறி, இல்லாத ஒரு ஜெட்டை அதில் ஓடவிட்டு, இவ்வளவு நேரம் என்று சொல்லிவிடும். இந்தப் பேய்க்கணக்கை நம்பித்தான் நான் காலையில் இருந்து செத்துக்கொண்டிருந்தேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் தோளில் அடித்தேன். அவரும் சிரித்தார்.

அந்த நிம்மதி அவர் கார் கடிகாரத்தைப் பார்க்கும் வரைக்கும் இருந்தது. அவர் பார்த்ததும் நானும் பார்த்தேன். அவர் சொன்ன நேரமும் கடந்துபோயிருந்தது.

அந்தக் கொஞ்ச நேரம் என் பயத்துக்கு ஒரு சமாதானம் இருந்தது, கணக்கில்தான் பிழை என்று. இப்போது நேரம் சரி. பிள்ளையைத்தான் காணவில்லை. கார்க் கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது. அவர் வைப்பரைப் போடவில்லை. நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்க வாயெடுத்து வைக்காமல் விட்டேன். வைத்தால் ஏதோ நடந்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சனங்கள் கடையில் இருந்து பைகளோடு வெளியே வந்து, மழையைத் திட்டிக்கொண்டு கார்களுக்கு ஓடினார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். நிலத்தில் நடக்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஃபோன் அடித்தது. அது இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. தெரியாத எண். சைபர் ஏழில் தொடங்கியது. ஆக்லாந்துக்குத் தெற்கே எண்கள் அப்படித்தான் தொடங்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மகளின் ஃபோனில் இருந்து வரவில்லை என்றால் வேறு யாரோ எடுக்கிறார்கள். இந்த நேரத்தில் எனக்கு எடுக்கக்கூடிய வேறு யாரோ யார் என்றும் எனக்குத் தெரியும்.

“நீங்க எடுங்கோ” என்றேன்.

“நீ எடுமா” என்றார். ஃபோனை என் பக்கம் நீட்டினார். வாங்கிப் பச்சையைத் தட்டினேன். ஹலோகூடச் சொல்லாமல் காதில் வைத்தேன்.

“அம்மா?”

நான் ஃபோனைக் காதில் இருந்து எடுத்து அவர் பக்கம் பிடித்தேன். அவர் என் கையில் இருந்த ஃபோனில் ஸ்பீக்கரைத் தட்டினார்.

“அம்மா, இருக்கிறீங்களா? நான்தான். ஐம் ஃபைன். நிலத்திலதான் நிக்கிறோம்.”

கொரமண்டல் கரையில் ஃபிட்டியாங்கா என்ற ஊரில் இறங்கியிருக்கிறார்கள். புல்லில் ஓடுபாதை போட்ட சின்ன இடம். மலை மேல் மேகம் மூடியதால் ஃபாகட்டானேக்குப் போகவில்லை. வழி பார்த்துப் பார்த்து இரண்டு பேருடைய ஃபோனும் சார்ஜ் இல்லாமல் செத்துவிட்டது. இறங்கிய இடத்தில் ஆள் இல்லை. கடைசியில் ஒரு பெண் வந்து விமானக் கிளப்பின் அறையைத் திறந்து, அங்கே இருந்த ஃபோனைக் கொடுத்திருக்கிறாள். என் எண் அவளுக்கு மனப்பாடம். சின்ன வயதில் தொலைந்து போனால் சொல்லு என்று நான் ஒப்பிக்கவைத்த எண். அதற்குப் பயந்தே நான் அதை மாற்றவில்லை.

உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்.

“விசரி” என்றேன். “உன்ர ஃப்ரெண்டுக்கு அறிவில்லையோ? வானம் எப்பிடி இருக்கு எண்டு பாக்காமலே பிள்ளையளை ஏத்திக்கொண்டு வெளிக்கிடுறதோ? ஃபோனைக் குடு. ஓட்டினவரோட நான் கதைக்கோணும்.”

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

“அவள் ஓட்டேல்லை அம்மா” என்றாள். “நான்தான் ஓட்டினது.”

“என்னா?” என்றார் என் கணவர்.

ஒரு வருடத்துக்கு மேலாக விமானம் ஓட்டப் பழகுகிறாளாம். லைசென்ஸ் கிடைத்துக் கொஞ்ச நாள்தானாம். சொன்னால் நான் நித்திரை கொள்ளமாட்டேன் என்று சொல்லவில்லையாம். விருந்து வீட்டில் இருந்து வீடியோவில் அழைத்து எங்களுக்குச் சொல்ல இருந்தாளாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் இருந்து அந்த விமானத்தை ஓட்டுவதற்கு எத்தனையோ பேரை நான் மனதுக்குள் ஏற்றி உட்காரவைத்துவிட்டேன். குடித்தவன், திமிர் பிடித்தவன், கண் தெரியாதவன். என் பிள்ளையை ஒரு தடவைகூட அந்த ஆசனத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். ஃப்ரெண்ட் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

“மலைக்கு மேல மேகத்தில ஒரு இடைவெளி இருந்தது அம்மா. அவள் போவம் எண்டாள். அந்தப் பக்கம் வெயில் தெரிஞ்சது. அங்க எல்லாரும் எங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிக்கினம். ஆனா எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. ஐ காட் ரியலி ஸ்கேர்ட். திருப்பிக்கொண்டு வந்து இறங்கிட்டன்.” “வெட்கமா இருக்கு. நான் பயந்ததால அவளுக்கு விருந்தும் இல்லாமப் போச்சு. சொறி அம்மா.”

என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. இனி அதில் ஏறாதே, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா, பஸ் பிடித்து வா, நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. அதில் ஒன்றையும் அவள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது. மேகத்துக்கு முன்னால் அவளோடு நான் இருக்கப்போவதும் இல்லை.

“வெட்கப்படாதை” என்றேன். “நாளைக்குத் திரும்பிப் போகேக்கையும் இப்பிடியே பயந்து பயந்து போ. மேகம் இருந்தாப் பயப்படு. காத்து அடிச்சாப் பயப்படு. பக்கத்தில ஆர் என்ன சொன்னாலும் பயப்படு. உனக்குப் பயம் வராத நாளில மட்டும் அதில ஏறாதை.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஓம் அம்மா” என்றாள்.